நோயில்லாதவருக்கு எதற்கு ஆஸ்பிரின்?

வணக்கம். தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரினைப் பற்றி நான் பேச வரவில்லை. ‘இதயத்துக்கு நல்லதாமே’ என்று யாரோ சொல்லக் கேட்டு, இதயநோயே இல்லாதவர்களும் தினம் ஒன்று விழுங்குகிறார்களே, அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1980-களில் அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, எது யாருக்கு என்று சாப்பிட்டவர்களுக்கே தெரியாது. மாரடைப்பு 44 சதவீதம் குறைந்ததாக 1989-இல் முடிவு வெளியானது. பொய்யில்லை. ஆனால் தலைகளை எண்ணிப் பாருங்கள்: வெற்று மாத்திரை சாப்பிட்ட 11,034 பேரில் 239 பேருக்கு மாரடைப்பு, ஆஸ்பிரின் சாப்பிட்ட 11,037 பேரில் 139 பேருக்கு. சுமார் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு இரண்டு சொச்சமாக இருந்தது ஒன்றேகாலாகக் குறைந்தது, அவ்வளவுதான். 44 என்று கேட்டவர் மனதில் இந்தக் கணக்கா ஓடியிருக்கும்?

அப்புறம் பக்கவிளைவு. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆஸ்பிரின் தடுக்கிறது, அதனால் இதயக் குழாயில் ரத்தம் உறைவது குறைகிறது. இரைப்பைச் சுவரைக் காக்கிற பொருள் சுரப்பதையும் அதே மாத்திரைதான் குறைக்கிறது. நல்லதை மட்டும் செய், கெட்டதை விட்டுவிடு என்று அதனிடம் சொல்ல முடியாது.

2018-இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வுதான் பலரை யோசிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் சொல்லும்படியான குறைவு இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆக ஏறியது. புகைப்பது குறைந்து, ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்ட காலத்தில் ஆஸ்பிரினுக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவு என்பது பலர் சொல்கிற விளக்கம், எனக்கும் அது சரியென்றே படுகிறது. 60 வயதுக்கு மேல் தடுப்புக்காக இதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் சொல்லிவிட்டது. 40 முதல் 59 வரை உள்ளவர்களில், அடுத்த பத்து வருடத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஆளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யலாம். விவாதம் ஓடுவது இவர்களைப் பற்றித்தான்.

இதைக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களோ ஸ்டென்ட் வைத்தவர்களோ மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் கணக்கே வேறு, அவர்களுக்குப் பலன் அதிகம். ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

கதை இத்தோடு முடியவும் இல்லை. 2025-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து அலாஸ்கா என்ற ஆய்வு வந்தது (பனிப்பிரதேசம் இல்லை, ஆய்வின் பெயர்தான்). பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு மூன்று வருடம் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின். நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைச் செய்தியில் ‘ஆஸ்பிரின் புற்றுநோயைத் தடுக்கும்’ என்று போட்டுவிடுவார்கள், ஆனால் அந்த மாற்றம் இருக்கிறதா என்று கட்டியைச் சோதித்த பிறகுதான் அங்கே மாத்திரையே கொடுத்தார்கள்.