ஒன்றரை லட்சம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: கேபின் க்ரூ வேலை

வணக்கம் மக்களே. நான் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண். போன வாரம் திருச்சி போகிற விமானத்தில் ஒரு பெரியவர் எழுந்து பின்னால் வந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தும் போகாமல் நின்றார். "அம்மா, என் மகளும் இந்த வேலைக்குத்தான் வரணும்கிறா. இன்ஸ்டிடியூட்ல ஒன்றரை லட்சம் கேக்குறாங்க. கட்டலாமா?" என்றார். அதற்குள் சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டது. "கட்ட வேண்டாம் ஐயா" என்பதோடு சேர்த்து ஓரிரு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன். அவர் மகள் பார்த்தால் நல்லது.

நானும் கட்டினேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 1,20,000 ரூபாய். பத்து மாதம். கொண்டை போடவும், லிப்ஸ்டிக் போடவும், மென்மையாகச் சிரித்துப் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். வேலை வாங்கித் தருகிறோம் என்றவர்கள் கடைசியில் ஒரு இணையதள முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சங்கிலியை மீட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு போதும். நம் நாட்டு நிறுவனங்கள் பலவற்றில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பெண்களுக்கு உயரம் 155 செ.மீ. அளவில் கேட்பார்கள். எமிரேட்ஸ் போக ஆசை என்றால் 21 வயது, 160 செ.மீ. உயரம், அதோடு நுனிக்காலில் நின்று கையை நீட்டினால் 212 செ.மீ. எட்ட வேண்டும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் 212-இல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பாருங்கள். தலைக்கு மேலே உள்ள பெட்டியில்தான் அவசரக் கருவிகள் சில இருக்கும். கை எட்ட வேண்டும் என்பது அதற்காக. யூனிஃபார்முக்கு வெளியே தெரிகிற இடத்தில் பச்சை குத்தியிருக்கக் கூடாது. ஆங்கிலம் தேவை, ஆனால் சுத்த இங்கிலீஷ் மீடியம் ஆங்கிலம் தேவையில்லை. நான் தமிழ் மீடியம். தினமும் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துச் செல்போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டுக் கேட்டுத்தான் நாக்கு பழகியது. இந்தி தெரிந்தால் கை கொடுக்கும்.

சரி, உள்ளே வந்த பிறகு என்ன நடக்கும்? பயிற்சியை விமான நிறுவனமே கொடுக்கும். அங்கேதான் எனக்கு இந்த வேலை என்னவென்று புரிந்தது. பத்து மாதம் மென்மையாகப் பேசப் பழகிப் போனவளை முதல் வாரமே கத்தச் சொன்னார்கள். மாதிரி விமானக் கதவு, பக்கத்தில் நான். "லீவ் எவ்ரிதிங்! கம் திஸ் வே!" என்று கத்த வேண்டும். பொம்பளப் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று கேட்டு வளர்ந்த தொண்டையிலிருந்து குரலே வரவில்லை. "கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை, மறுபடி" என்றார் பயிற்சியாளர். மறுபடி. மறுபடி. ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவ்வளவு சத்தம் எதற்கு? ஒரு புது விமான மாடல் பறக்க அனுமதிச் சான்றிதழ் வாங்க, பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். 50 இருக்கைக்கு ஒரு க்ரூ என்பது இங்கே விதி. 180 இருக்கை உள்ள ஏ320 ரக விமானத்தில் நாங்கள் நான்கு பேர் இருப்பது அதனால்தான். டீயும் சாண்ட்விச்சும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 இறங்கும்போது ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 367 பயணிகள், 12 ஊழியர்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது, மற்ற பக்கங்களில் நெருப்பு. மெகாஃபோனும் சொந்தத் தொண்டையும்தான் க்ரூவின் கையில் இருந்தது. 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்த அந்தக் க்ரூவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் ஒவ்வொரு டேக்ஆஃபுக்கும் முன்னால், மடக்கு இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்ததும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்போம். என் கதவு எது, முதலில் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், உதவிக்கு யாரைக் கூப்பிடலாம். நீங்கள் பார்க்கும்போது நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள் என்று கெஞ்சுவதும் வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான். தயவுசெய்து திறந்து வையுங்கள்.

கஷ்டமும் உண்டு. கால் வீங்கும், ஜலதோஷத்தோடு பறந்தால் காது வலி உயிரை எடுக்கும், போன மூன்று பொங்கலுக்கும் நான் வீட்டில் இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதி பறக்கும் மணி நேரத்தைப் பொறுத்தது, அதனால் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இதையெல்லாம் அம்மா அப்பாவிடம் முன்பே சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்தப் பெரியவர் இறங்கும்போது வாசலில் நின்று, "அப்ப அந்தக் காசை என்னம்மா பண்றது?" என்றார். "பாஸ்போர்ட் எடுங்க ஐயா, பிள்ளையை நீச்சல் கத்துக்க அனுப்புங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, போர்டிங் பாஸின் பின்பக்கம் இரண்டையும் எழுதிக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது. அவர் எழுதி முடிக்கும் வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதிகாலை 2.45-க்கு வண்டி வரும். யூனிஃபார்மை இன்னும் இஸ்திரி போடவில்லை. வருகிறேன்.