மலை இறங்குற காருக்கு பிரேக் ஆயில்: ஏன் கொதிக்குது, எப்படி மாத்துறது

[காட்சி: குன்னூர்-மேட்டுப்பாளையம் மலை ரோட்டுல பர்லியாறு பக்கம், இறக்கத்துல போற ஒரு காரைப் பின்னால இருந்து பார்க்கிறோம்]

அந்தச் சிவப்பு விளக்கைக் கவனிங்க. வளைவு முடிஞ்சு நேர் ரோடு வந்தாச்சு, இன்னும் அணையல. குன்னூர்ல இருந்தே பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டு வர்ற வண்டி இது.

குன்னூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆளுங்களோட சேர்த்து 1,200 கிலோ இருக்கிற கார் இந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், கரண்ட் கணக்குல சொன்னா ஏறக்குறைய 5 யூனிட். 1,000 வாட் ஹீட்டரை அஞ்சு மணி நேரம் எரிய விட்ட மாதிரி. அதுல ஒரு பங்கு டயர்லயும் காத்துலயும் கரைஞ்சிரும். மிச்சத்தை இன்ஜின் வாங்கணும், இல்ல பிரேக் வாங்கணும். கியர்ல இறங்கினா இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கும். நியூட்ரல்ல இறங்கினா எல்லாமே டிஸ்க் பேட் தலையிலயும் பிரேக் ஷூ தலையிலயும்தான் விழும்.

நியூட்ரல்ல இறங்கினா பெட்ரோல் மிச்சம்னு இன்னமும் சொல்றாங்க. இன்ஜெக்ஷன் வண்டியில இது தப்புக் கணக்கு. கியர்ல இருந்துக்கிட்டு ஆக்சிலரேட்டரை விட்டா, இன்ஜின் வேகமாச் சுத்திக்கிட்டு இருக்கிற நேரம் முழுக்க எரிபொருளையே நிறுத்திரும். நியூட்ரல்ல ஐடிலிங் ஓடுறதுக்கு எரிபொருள் செலவாகிட்டேதான் இருக்கும்.

[காட்சி: பெடல். பாதம் அழுத்துது, பெடல் தரை வரைக்கும் போகுது]

இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போறது ரெண்டு விதம். ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

முதல் விதத்துல பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனா வண்டி நிக்காது. தீய்ஞ்ச வாடை வரும். பேட் தாங்குற சூட்டைத் தாண்டி உரசுற பிடிப்பு போயிருச்சுன்னு அர்த்தம்.

ரெண்டாவது விதம்தான் ஆளைக் கொல்றது. பெடல் மெத்துன்னு உள்ள போய்த் தரையைத் தொட்டுரும். காலிப்பர்ல, அதாவது பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகத்துல, இருக்கிற பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிருச்சு. ஆயிலை அழுத்தினா அது நசுங்காது, அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டு போகும். ஆவி நசுங்கும். நீங்க மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை நசுக்கவே சரியாப் போயிரும். இதுல இன்னொரு கொடுமை, அரை மணி நேரம் நின்னு ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகி பெடல் பழையபடி ஆயிரும். மேட்டுப்பாளையத்துல மெக்கானிக் மிதிச்சுப் பார்த்து "எல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிருவார். ஆறின வண்டியில இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

[காட்சி: பானெட்டுக்கு அடியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பா, அதுல டாட் 3, டாட் 4 எழுத்து]

ஏன் கொதிக்குது? பேருதான் ஆயில், எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இது கிளைக்கால் (glycol) வகைத் திரவம், காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் (DOT) 3, டாட் 4-ங்கிறது இதோட தர எண். டாட் 3 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது விதி. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிரும். டாட் 4-க்கு புதுசுல 230, ஈரம் ஏறினா 155. நீலகிரியில தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவுல மூடுபனி. ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. டப்பா மூடியில இருக்கிற சின்னத் துளை வழியாவும் ரப்பர் ஹோஸ் வழியாவும் அது உள்ள போயிட்டே இருக்கும்.

நிறைய வண்டிகளுக்குக் கம்பெனி சொல்றது ரெண்டு வருஷம் இல்ல 40,000 கிலோமீட்டர். சமவெளிக்கு அது போதும். மலையிலேயே ஓடுற வண்டிக்கு வருஷம் ஒரு தடவை மாத்துறதுதான் சரி. சீசன் தொடங்குறதுக்கு முன்னால, மார்ச்லயே முடிச்சிருங்க.

[காட்சி: சமதளத்துல நிக்கிற கார், சக்கரத்துக்கு அடை கல்]

வேலைக்கு வருவோம். டப்பா மூடியில எழுதியிருக்கிற தரத்தைப் பாருங்க. டாட் 3 போட்டிருந்தா டாட் 4 ஊத்தலாம். டாட் 5-ங்கிறது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போயிரும். சின்னக் காருக்கு அரை லிட்டர் பொதுவாப் போதும். ரெண்டு அரை லிட்டர் பாட்டில் வாங்குங்க, ரெண்டாவதைத் தேவைப்பட்டா மட்டும் உடைங்க. உடைச்ச பாட்டில் அலமாரியில கிடந்தாலும் ஈரம் குடிக்கும்.

ஒவ்வொரு சக்கரத்துலயும் பழைய ஆயிலை வெளிய விடுற சின்னத் திருகு இருக்கும், அதுதான் ப்ளீடர் நிப்பிள். முந்தின நாள் ராத்திரியே அது ஒவ்வொண்ணுலயும் துரு இளக்குற ஆயில் அடிச்சு வைங்க. மலை வண்டியில நிப்பிள் துருப்பிடிச்சு இறுகி இருக்கும். அவசரப்பட்டுத் திருகினா தலை ஒடிஞ்சிரும், அப்புறம் வீல் சிலிண்டரையோ (பிரேக் ஷூவை அழுத்துற பாகம்) காலிப்பரையோ கழட்ட வேண்டியதுதான். ஓபன் ஸ்பானர் வேண்டாம், ரிங் ஸ்பானர் போடுங்க. பெரும்பாலும் 8 இல்ல 10 எம்எம்.

வண்டியைத் தூக்கினா ஜாக்கியை நம்பி உள்ள போகாதீங்க, ஸ்டாண்டு கொடுங்க.

டப்பாவுல இருக்கிற பழைய ஆயிலை ஊசி இல்லாத சிரிஞ்சால இழுத்துட்டு, புதுசை மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க. பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாத்துற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமா இருக்கிற சக்கரத்துல ஆரம்பிக்கணும். நம்ம ஊர் வண்டியில பெரும்பாலும் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டியில வரிசை வேற, ஏபிஎஸ் இருந்தா முறையே மாறலாம். கையேட்டைப் பார்த்துட்டுத் தொடுங்க.

[காட்சி: நிப்பிள்ல மாட்டின டியூப், பாட்டிலுக்குள்ள முனை]

நிப்பிள்ல உள்ள ஓடுறது வெளிய தெரியுற டியூப் மாட்டி, மறு முனை ஒரு பாட்டில்ல இருக்கிற ஆயிலுக்குள்ள முங்கி இருக்கட்டும். இதுக்கு இன்னொரு ஆள் வேணும். வண்டிக்குள்ள உட்கார்ந்து அவர் மூணு தடவை மெதுவா மிதிச்சு நாலாவதுல அழுத்திப் பிடிக்கணும். "பிடிச்சாச்சு"ன்னு அவர் சொன்னதும் நீங்க நிப்பிளைக் கால்வாசி சுத்துத் திறக்கணும். ஆயில் வரும், பெடல் இறங்கும். முதல்ல நிப்பிளை மூடணும், அப்புறம்தான் "விடு"ங்கணும். இந்த வரிசை மாறினா வந்த வழியிலேயே காத்து உள்ள ஏறிரும்.

பழைய வண்டின்னா பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க. தினமும் பெடல் பாதி தூரம்தான் போகும், அதுக்கு அப்பால சிலிண்டர் சுவர்ல துரு இருக்கலாம். தரை வரைக்கும் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் சீல் அந்தத் துருவுல உரசிக் கிழியும். நல்லா இருந்த பிரேக் சர்வீஸுக்கு அப்புறம் கெட்டுப் போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டியூப்ல வர்ற ஆயில் கடுங்காப்பி நிறம் போய்த் தேன் நிறம் வரணும், குமிழி நிக்கணும். அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்க. அது வறண்டா காத்து புகுந்துரும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லைன்னா பெயின்ட் உரிஞ்சிரும். கிளட்ச்சும் ஹைட்ராலிக்னா நிறைய வண்டியில அதுக்கும் இதே டப்பாதான். அதையும் சேர்த்து மாத்திருங்க.

முடிச்சதும் இன்ஜினை ஓட விடாம பெடலை முப்பது வினாடி அழுத்திப் பிடிங்க. மெல்ல இறங்கினா எங்கயோ கசிவு, இல்ல மாஸ்டர் சிலிண்டர் போச்சு. அழுத்தினபடியே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் இறங்கணும், அது பூஸ்டர், அதாவது நம்ம மிதிக்குப் பலம் கூட்டுற பாகம், வேலை செய்யுற அடையாளம். ஊட்டியில காத்தழுத்தம் கடற்கரையை விட சுமார் கால் பங்கு குறைவு. பூஸ்டர் அந்தக் காத்தழுத்தத்தை நம்பித்தான் உதவுது. அதனால மேல இருக்கும்போது பெடல் கொஞ்சம் கனமாத் தெரிஞ்சா பயப்பட வேண்டாம்.

[காட்சி: பேட், பக்கத்துல அளவுகோல்]

பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்துங்க. உள் பேட் தேய்ஞ்சு வெளி பேட் புதுசு மாதிரி இருந்தா, காலிப்பர் நகர்ற பின் துருவுல சிக்கியிருக்கு. சக்கரத்தைக் கழட்டாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். அடிவாரத்துல நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்துல புறங்கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க. முன்சக்கரம் ரெண்டும் ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் தகிச்சா அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு. சூட்டைத் தணிக்கிறேன்னு ஓடைத் தண்ணியை மொண்டு ஊத்தாதீங்க. டிஸ்க் கோணிப் போகும், விரிசலும் விடும்.

[காட்சி: ரேடியேட்டர் மூடி]

ஏறும்போது சோதனை ரேடியேட்டருக்கு. ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மோஸ்டாட் திறக்கிறதே பொதுவா 82-ல இருந்து 88-க்குள்ள. அந்தச் சின்ன இடைவெளியைக் காப்பாத்துறது மூடி கொடுக்கிற அழுத்தம்தான். மூடி ரப்பர் வெடிச்சிருந்தா யோசிக்காம மாத்துங்க. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. சூட்டுல மூடியைத் திறக்காதீங்க.

கிளட்ச் பிளேட்டுக்கு ஒரு சோதனை. சமதளத்துல ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால யாரும் நிக்காமப் பார்த்து, மூணாவது கியர் போட்டு கிளட்ச்சை விடுங்க. இன்ஜின் உடனே நிக்கணும். நிக்காம ஓடிச்சுன்னா பிளேட் வழுக்குது, அதோட மலை ஏறாதீங்க.

[காட்சி: கல்லட்டி இறக்கம்]

ஊட்டியில இருந்து மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. ஏறுற கியர் எதுவோ அதுதான் இறங்குற கியரும்: ஒண்ணு, இல்ல ரெண்டு. ஆட்டோமேட்டிக்னா எல் (L) கியர், இல்ல மேனுவல் மோடு. பிரேக்கை வளைவுக்கு முன்னால அழுத்தமா ஒரு தடவை பிடிச்சு முழுசா விடுங்க, விட்ட நேரத்துல டிஸ்க் ஆறும். பெடல் மெத்துன்னு ஆனா வேகமா அடிச்சு அடிச்சு மிதிங்க, கியரைக் குறைங்க, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, பள்ளத்துப் பக்கம் போகாம மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்க. இன்ஜினை மட்டும் அணைக்காதீங்க, பூஸ்டரும் ஸ்டியரிங் உதவியும் போயிரும்.

ஆயில் மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. பழைய ஆயிலை மூடி போட்ட பாட்டில்ல ஊத்தி, கழிவு ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்ல தனியாக் கொடுத்துருங்க. சாக்கடையில ஊத்தினா அது கீழ ஓடைக்குத்தான் போகும்.