ஒரு தொலைபேசி அழைப்பும் செத்து விழுந்த காகங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தால் வீடு முழுவதற்கும் தெரியும். சிற்றூரில் முப்பது பேருக்கு வந்தால் ஊருக்கே தெரியும். பல லட்சம் பேர் வாழும் பெருநகரில் அதே முப்பது பேர் முப்பது மருத்துவமனைகளுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு மருத்துவரும் ஒரே ஒரு நோயாளியைப் பார்ப்பார். அவருக்கு அது ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். சிதறிக் கிடக்கும் இந்த நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அவருக்குத் தகவல் சொல்லவும் ஒருவர் வேண்டும். நான் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருவது இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

1999 ஆகஸ்ட், நியூயார்க் நகரம். குவீன்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் தொற்றுநோய் மருத்துவர் டெபோரா ஆஸ்னிஸ் இரண்டு முதியவர்களைப் பார்க்கிறார். காய்ச்சல், மனக்குழப்பம். இவை மூளைக்காய்ச்சலில் வரக்கூடியவைதான். ஆனால் இருவருக்கும் தசைகள் தளர்ந்து போயிருந்தன. அதுதான் அவரை உறுத்தியது. என்ன நோய் என்று தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 23 அன்று நகர சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டார். கவனியுங்கள், நோயின் பெயர் தெரியாமலேயே அழைத்தார்.

துறையினர் விசாரித்தபோது அக்கம்பக்கத்து மருத்துவமனைகளிலும் இதே போன்ற நோயாளிகள் இருந்தார்கள். வீடுகளுக்கே போய்க் கேட்டார்கள். மாலை நேரத்தில் வீட்டுக்கு வெளியே பொழுதைக் கழித்தவர்கள் அவர்கள் என்று தெரிந்தது. சந்தேகம் கொசுவின் மீது விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில், இது கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்து, கொசு மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில், அந்தக் கோடை முழுவதும் நகரில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலும் பறவைகள் இறந்தன. அங்கே நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த டிரேசி மெக்னமாரா ஒரு கேள்வி கேட்டார்: செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளின் உடலில் தங்குமே தவிர அவற்றைக் கொல்லாதே, அப்படியானால் இவை ஏன் சாகின்றன? அருமையான கேள்வி. ஆனால் மனித நோயை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம், விலங்கு நோயை ஆராய்ந்தவர்கள் மறுபக்கம். இரண்டு விசாரணைகளும் ஒன்றுசேரவே செப்டம்பர் இறுதியாகிவிட்டது. அது மேற்கு நைல் வைரஸ். அமெரிக்கக் கண்டங்களில் அதற்கு முன் கண்டறியப்படாதது. அந்த ஆண்டு 62 பேருக்கு நோய் உறுதியானது, 7 பேர் இறந்தார்கள்.

நோயின் பெயரைத் தவறாகச் சொன்னார்களே என்று சிலர் குறை கூறுவதுண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு வைரஸ்களையும் பரப்புவது கொசுதான். அதனால், பெயர் தவறாக இருந்தபோதும் தெளித்த மருந்து வீணாகவில்லை. முழு உண்மை தெரியும் வரை சும்மா இருந்திருந்தால் சில வாரங்கள் பறிபோயிருக்கும்.

அழைப்பவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரின் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்து, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். அங்கே மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு மாத்திரைகள் தீர்ந்து போயின. பள்ளிக்கூடங்களில் வருகை சரிந்தது. மருந்துக் கடைக்காரருக்கு வழக்கமான விற்பனை தெரியும், ஆசிரியருக்கு வழக்கமான வருகை தெரியும். அது மாறும்போது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அவர்கள் கையில் அழைக்க வேண்டிய எண் இருக்க வேண்டும். மறுமுனையில் எடுத்துக் கேட்க ஆள் இருக்க வேண்டும். கணினி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டாலும், யாரும் பதிவு செய்யாத ஒன்றை அது அறியாது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கழிவுநீர்ப் பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். போலியோ வைரஸ் தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே கைகால் முடங்கும். மற்றவர்கள் நோய் தெரியாமலே மலத்தில் வைரஸை வெளியேற்றுவார்கள். 2022இல் லண்டனின் கழிவுநீரில் அந்த வைரஸ் தொடர்ந்து தென்பட்டது. ஒரு குழந்தைக்கும் கைகால் முடங்குவதற்கு முன்பே, நகரில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார்கள். யாருக்குத் தொற்று என்பதைக் கழிவுநீர் சொல்லாது. எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

நன்றி, வணக்கம்.