நோ குறைந்தால் தேய்வும் நின்றுவிட்டதா?

வணக்கம் நேயர்களே. "குளிசை போட்டவுடன் முழங்கால் நோ நிக்குது. அப்ப தேய்வும் நிண்டிட்டுதுதானே?" கிளினிக்குகளில் அடிக்கடி எழும் கேள்வி. நோவின் கணக்கு வேறு, தேய்வின் கணக்கு வேறு.

மூட்டில் எலும்பு நுனியைப் போர்த்தியிருக்கும் கசியிழையத்துக்குள் ஒரே வகைக் கலம்தான் உண்டு. கொலாஜன் என்ற நார்ப்புரத வலையையும், அதனிடையே நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகனையும் கட்டுவது அது. அவற்றை அறுக்கும் நொதியங்களைச் சுரப்பதும் அதே கலம்தான். கொலாஜனுக்கு எம்.எம்.பி. 13, அக்ரிகனுக்கு அடம்ற்ஸ் 4, 5. அக்ரிகன் இழப்பை ஓரளவு ஈடுசெய்யலாம். கொலாஜன் வலை அறுந்தால் மீள்வது மிகக் கடினம்.

ஆய்வுகூடத்தில் இந்தக் கலங்களுக்கு இன்டர்லூக்கின் 1 என்ற அழற்சிப் புரதத்தைக் கொடுத்தால் நொதியம் பெருகும். பிறகு மருந்தைச் சேர்த்து, நொதியம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். பிழைக்குமிடம் இங்கேதான். தட்டையான தட்டில் பலமுறை பிரித்து வளர்த்த கலம் தன் இயல்பை இழந்து, கசியிழையத்துக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டு முதலாம் வகையைச் செய்யத் தொடங்கிவிடும். எம்.எம்.பி. நொதியமும் செயலற்ற முன்வடிவாகவே வெளிவருகிறது. அளவை மட்டும் பார்த்தால் வெட்டும் வேகம் தெரியாது. மஞ்சளின் கர்கியூமின் தட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அங்கே விடும் செறிவு, கறியில் மஞ்சள்தூளை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் இரத்தத்தில் வராது.

அழற்சியை அடக்கும் ஸ்ரெரோயிட்டும் அப்படித்தான். தட்டில் எம்.எம்.பி.யைக் குறைக்கும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கொரு தடவை 40 மில்லிகிராம் ட்ரையம்சினலோன் என்ற ஸ்ரெரோயிட்டை இரண்டு வருடம் முழங்காலுக்குள் ஏற்றியவர்களுக்குக் கசியிழையம் 0.21 மில்லிமீற்றர் மெலிந்தது. உப்புநீர் ஏற்றியவர்களுக்கு 0.10. நோவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. தாங்கமுடியாத வீக்கத்துக்கு ஓர் ஊசி போடுவது நியாயம். அதை வழக்கமாக்குவது நியாயமில்லை.

டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு நேரெதிர். 2005இல் வெளியான ஆய்வில் தினமும் இருவேளை 100 மில்லிகிராம், 30 மாதம் எடுத்த பெண்களுக்கு, தேய்வைக் காட்டும் மூட்டு இடைவெளி ஒடுங்குவது மூன்றிலொரு பங்கு குறைந்தது. சராசரி நோ குறையவில்லை.

நொதியத்தின் நாக (சிங்க்) அயனைப் பிடித்து நேரடியாக அடக்கும் மருந்துகளும் வந்தன. அவை தோளையும் கையையும் விறைக்க வைத்து நோவைக் கொடுத்தன. டைக்ளோபெனாக் போன்ற குளிசைகள் நோவுக்குத்தான். தேய்வை நிறுத்துவதாக நிரூபணமில்லை. வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும்.

உடலின் நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் நிலைமை வேறு. அங்கே நொதியத்தைத் தூண்டுவது அழற்சியுற்ற மூட்டுச் சவ்வு. அதை அடக்கும் மெதொட்ரெக்சேற்று மூட்டையும் காக்கிறது. ஆனால் அது வாரத்துக்கு ஒரேயொரு நாள் மட்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சை செயலிழந்து உயிருக்கே ஆபத்து. வாரத்தில் எந்த நாள் என்பதைக் குளிசைப் பையிலும் கிளினிக் கொப்பியிலும் எழுதுவித்து வாங்குங்கள்.