எந்த மூலையையும் தொடாத கோடு! 6எக்ஸ் + 9ஒய் = 5

வணக்கம் மக்களே! காலையில இருந்து இந்த கிராஃப் ஷீட்டை கீழ வைக்க மனசே வரல. இருங்க, கிட்ட காட்டுறேன். ரெண்டு அச்சுலயும் 1 செ.மீ = 1 அலகுன்னு வெச்சு வரைஞ்சது. இந்தக் கோட்டை எவ்வளவு தூரம் நீட்டினாலும், தடிமனான சென்டிமீட்டர் கட்டத்தோட ஒரு மூலையைக்கூட தொடாது!

நேத்து டியூஷன்ல ஒன்பதாவது படிக்கிற பொண்ணு இதுக்கு அட்டவணை போட்டா. எக்ஸ் 0-ன்னா ஒய் 0.555... எக்ஸ் 1-ன்னா மைனஸ் 0.111... "மிஸ், முழு எண்ணே வரமாட்டேங்குது, தப்பா போட்டுட்டேனா?"ன்னு முகம் வாடிப்போச்சு. தப்பே இல்ல. எக்ஸ், ஒய் ரெண்டும் முழு எண்ணா இருந்தா 6எக்ஸ் + 9ஒய் எப்பவும் 3-ஓட மடங்குதான். 5 அப்படி இல்லையே, எப்படி வரும்?

சரி, புள்ளி வைக்கணுமே! 0.555-ஐ 0.6-ஆக்கி குத்துமதிப்பா வைக்கிறது எனக்கு அறவே பிடிக்காது. நாலு ஷீட் போச்சு. ஒரு ஷீட் 3 ரூபாய்ங்க! போன மாசம் அதே கடையில 2 ரூபாய்தான். அதுலயும் பச்சைக் கோடு அழுத்தமா அச்சடிச்சது, பென்சில் புள்ளியே தெரியல. வெளிர் நிறத்துல கேட்டு வாங்குங்க.

ஆங், சொல்ல மறந்துட்டேன். போன வீடியோல எக்ஸ் = 4 வரைஞ்சேன்ல, "ஒய் எங்க?"ன்னு கேட்டிருந்தீங்க. ஒய் எதுவா வேணா இருக்கலாம். (4, 0), (4, 3), (4, -2) எல்லாமே அதுல இருக்கு, அதான் செங்குத்தா நிக்குது. சாய்வு, அதாவது ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால வகுத்தா வர்றது, பார்த்தா கீழ 4 - 4, பூஜ்ஜியத்தால வகுக்க முடியாது. 'வரையறுக்க இயலாது'ன்னு எழுதுங்க. 0-ன்னு எழுதிடாதீங்க, அது ஒய் = 4 மாதிரி படுத்த கோட்டுக்கு.

எங்க விட்டேன்? அஞ்சாவது ஷீட். எக்ஸ் அச்சை அப்படியே விட்டுட்டு, ஒய் அச்சுல மட்டும் 9 மில்லிமீட்டர் = 1 அலகுன்னு வெச்சேன். அவ்வளவுதான்! அந்த 0.555..., அதாவது ஐந்தின் கீழ் ஒன்பது (5/9), சரியா 5 மில்லிமீட்டர்ல உக்காந்துருச்சு. எக்ஸ் 1-க்கு அச்சுக்குக் கீழ 1, எக்ஸ் 2-க்கு கீழ 7. இந்தப் பக்கம் மைனஸ் 1-க்கு மேல 11, மைனஸ் 2-க்கு 17. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 6 மில்லிமீட்டர் இறங்குது, ஸ்கேலை வெச்சா அஞ்சு புள்ளியும் ஒரே கோட்டுல! அந்தப் பொண்ணு கைதட்டிட்டா. அளவுத்திட்டத்தை மட்டும் வலது மேல் மூலையில எழுத மறந்துடாதீங்க.

இப்ப உங்களுக்கு: 10எக்ஸ் + 15ஒய் = 7. ஒய் அச்சுல 1 அலகுக்கு எத்தனை மில்லிமீட்டர் வைப்பீங்க? கமெண்ட்ல போடுங்க, ஒவ்வொண்ணா பார்க்கிறேன்.