பெருங்கற்சின்னங்களும் அட்லாண்டிக் பயணமும்: நேயர் ஐயத்துக்கு விளக்கம்

வணக்கம். பிரான்சின் கார்னாக்கில் வரிசையாக நிற்கும் நெடுங்கற்களையும், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் சேலம் என்னும் ஊரிலுள்ள கற்கட்டுமானங்களையும் ஒப்பிட்டு, ஐரோப்பியர் பழங்காலத்திலேயே அட்லாண்டிக்கைக் கடந்தனர் என்பதற்கு இவை சான்றாகாதா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இக்கேள்வியில் ஒரு பாதி உண்மை உள்ளது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் பெட்டினா ஷுல்ஸ் பால்சன், பழம்பொருளில் எஞ்சிய கார்பனை அளந்து வயதறியும் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புகள் 2,410ஐத் தொகுத்து, பெருங்கற்களை நிறுத்தியும் அடுக்கியும் அமைக்கும் பெருங்கற்சின்னங்களை எழுப்பும் வழக்கம் கி.மு. 4500 வாக்கில் வடமேற்குப் பிரான்சில் தோன்றிக் கடல்வழியாகவே ஐரோப்பியக் கரையோரங்களுக்குப் பரவியது என்று 2019இல் விளக்கினார். அம்மக்கள் தேர்ந்த கடலோடிகள் என்பதை நான் முழுமனதுடன் ஏற்கிறேன்.

ஆயினும், கரைகளுக்கிடையே சென்றுவந்தவர்கள் பெருங்கடலையும் கடந்தார்கள் என்று கொள்வதற்குத் தனிச் சான்று வேண்டும். 1970இல் நார்வே நாட்டுக் கடற்பயண ஆய்வாளர் தோர் ஹெயர்தால், பாப்பிரஸ் கோரையால் கட்டிய 'ரா 2' என்ற படகில் மொராக்கோவின் சஃபி துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 57 நாள்களில் பார்படோஸை அடைந்தார். காற்றும் நீரோட்டமும் துணைநின்றால் எளிய படகும் கரைசேரும் என்பதை மெய்ப்பித்த அரிய பயணம் அது. ஆனால் முற்காலத்தவர் அவ்வாறு சென்றார்கள் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை.

சேலத்துக் கற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவ்விடத்தை 1937இல் வாங்கிய வில்லியம் குட்வின், அது அயர்லாந்துத் துறவிகள் கட்டியது என்ற நம்பிக்கையில் கற்கள் பலவற்றை இடம் மாற்றி அமைத்துவிட்டதால், இன்று எந்தக் கல் பழைய இடத்தில் இருக்கிறது என்று அறிவதே கடினம். 1955இல் நடந்த அகழாய்வில் கிடைத்தவை பெரும்பாலும் அண்மை நூற்றாண்டுகளின் குடியிருப்புப் பொருள்களே. பலிபீடம் என்று காட்டப்படும், விளிம்பில் வாய்க்கால் வெட்டிய பலகைக்கல்லும், நியூ இங்கிலாந்து உழவர்கள் சோப்புக்குக் காரநீர் வடிக்கப் பயன்படுத்திய கற்களை ஒத்திருக்கிறது.

உருவ ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவு சொல்ல முடியாது. நம் ஊர்க் கல்திட்டைகளும் பிரான்சின் கல்திட்டைகளைப் போலவே தோன்றுகின்றன. ஆனால் நம்முடையவற்றில் பல இரும்புக் காலத்தவை, அங்குள்ளவையோ இரும்பையே அறியாத புதிய கற்காலத்தவை. பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடுகல் இடும் எவருக்கும் அதே வடிவம்தான் அமையும்.

கடல் கடந்து வந்தவர்கள் விட்டுச்செல்லும் தடயம் எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள லான்ஸோ மெடோஸ் நல்ல சான்று. அங்கே ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான நார்ஸ் மக்களின் புல்தரை வீடுகளின் அடித்தளம், இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்கும் தக்களி வட்டு ஆகியவை கிடைத்தன. அங்கு உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகள் கி.பி. 1021ஐச் சேர்ந்தவை என்று 2021இல் மரவளையங்களைக் கொண்டு கணித்தார்கள். கற்கால ஐரோப்பியர் விட்டுச்சென்றதாக இத்தகைய அன்றாடப் பொருள் ஒன்றுகூட அமெரிக்க மண்ணில் உறுதிசெய்யப்படவில்லை.