உடைந்தது மண்சட்டியா, பொன்சட்டியா?

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய மனிதர்களின் இரட்டை வேடம் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் எழுதிய கணக்கில் சிவப்பு மை இட்டே வயிறு வளர்த்தவன் என்று என் வீட்டில் சொல்வார்கள். எனவே பொருளைக் கேட்டதும் எனக்கு எந்தத் தலைவரின் முகமும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பயணப்படிப் பட்டியல்தான் வந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நிறுவனத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்தோம். கடைநிலை ஊழியர் ஒருவர் அலுவலாக வெளியூர் போய்வந்து, வாடகை வண்டிச் செலவு எழுதியிருந்தார். ரசீது இல்லை. ஆட்சேபணை எழுதினேன். தொகையை அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அதே கட்டில், நான்கைந்து தாள் தள்ளி, இயக்குநர் ஒருவர் குடும்பத்தோடு விமானத்தில் போய்வந்த செலவும் இருந்தது. அதற்கும் ரசீது இல்லை. ஆட்சேபணை எழுதப் பேனாவை எடுத்தேன். "அது கொள்கை முடிவு தம்பி, விட்டுவிடு" என்றார் என் மேலதிகாரி. அந்த ஆண்டு ஊழியர்களுக்கு வந்த சிக்கனச் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டிருந்தவர் அதே இயக்குநர். நான் விட்டுவிட்டேன். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். உடைந்த சட்டி எது என்று எழுதிவைக்கும் வேலையில் இருந்தவன் நான்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பது எல்லோரிடமும் உள்ளதுதான். புகைபிடிக்கும் தகப்பன் மகனிடம் "நீ தொடாதே" என்கிறான். அதற்காக யாரும் விசாரணைக் குழு அமைப்பதில்லை. அந்தத் தகப்பன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. சொல்லப்போனால் அவன் சொல்வது சரிதானே. என் கோபமெல்லாம், ஊருக்கு விதி எழுதிவிட்டுத் தன் பெயரை மட்டும் அதிலிருந்து விலக்கிக்கொள்பவர்மேல்.

பிரிட்டனில் தகவல் அறியும் சட்டம் 2000ஆம் ஆண்டு நிறைவேறி, 2005இல் நடைமுறைக்கு வந்தது. பொது அமைப்புகள் எல்லாம் கேட்ட தகவலைக் கொடுக்க வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஆனால் அந்த உறுப்பினர்களின் செலவுக் கணக்கைக் கேட்டு மனுக்கள் போனபோது, நாடாளுமன்றம் நீதிமன்றம்வரை போய் எதிர்த்தது. 2008இல் உயர் நீதிமன்றம் "கொடுங்கள்" என்றது. 2009 ஜனவரியில், உறுப்பினர் செலவுகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கேட்டு ஓர் ஆணை கொண்டுவரப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பவே அதைக் கைவிட்டார்கள். மே மாதம் முழுக் கணக்கும் கசிந்து ஒரு நாளிதழின் கைக்குப் போய்விட்டது.

அதில் எல்லோருக்கும் நினைவில் நின்றது ஒரு வாத்துக்கூடு. தன் குளத்தில் மிதக்கும் வாத்துக்கூட்டுக்கு 1,645 பவுண்டு கேட்டு ஓர் உறுப்பினர் பட்டியல் அனுப்பியிருந்தார். உலகமே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் கவனிக்காதது, அந்தத் தொகை கொடுக்கப்படவே இல்லை என்பது. செலவுப் பிரிவில் யாரோ ஒருவர் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது. அந்தக் கணக்குகளால் உறுப்பினர்கள் சிலர் சிறைக்கே போனார்கள். அவைத் தலைவர் பதவி விலகினார். உறுப்பினர்களின் செலவை உறுப்பினர்களே மேற்பார்வை பார்க்கும் முறை போய், அதற்கெனத் தனி ஆணையம் வந்தது. முப்பத்தோரு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், தன் பட்டியலுக்குத் தானே ஒப்புதல் போட்டுக்கொள்ளும் இடத்தில் தேவதையை உட்காரவைத்தாலும் கணக்கு உதைக்கும்.

இன்னொரு கதை பிரான்ஸ் நாட்டில் நடந்தது. ஜெரோம் கயூசாக் 2012இல் வரவு செலவுத் திட்டத்துக்கான அமைச்சர். வரி ஏய்ப்பவர்களைப் பிடிப்பது அவருடைய துறையின் வேலை. அந்த டிசம்பரில், அவருக்கு சுவிட்சர்லாந்தில் ரகசிய வங்கிக் கணக்கு இருந்தது என்று மீடியாபார்ட் என்ற இணைய இதழ் எழுதியது. வெளிநாட்டில் தனக்குக் கணக்கு இல்லை, ஒருபோதும் இருந்ததும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். 2013 மார்ச்சில் பதவி விலகினார். ஏப்ரல் 2ஆம் தேதி உண்மையை ஒப்புக்கொண்டார். சுமார் 6 லட்சம் யூரோ வெளிநாட்டில் இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் ஒருவரின் மானம் போன கதையாக முடிந்திருக்கும். அந்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. அமைச்சர்களும் உறுப்பினர்களும் சொத்துக் கணக்கு கொடுப்பது அங்கே முன்பும் உண்டு. அதைச் சரிபார்ப்பவர்களுக்குத்தான் வலு இல்லை. அந்தச் சரிபார்ப்புக்கு அதிகாரம் உள்ள ஓர் ஆணையத்தை இந்தச் சட்டம் ஏற்படுத்தியது. கயூசாக்குக்கு 2016இல் மூன்று ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நான்கு ஆண்டாக்கி, இரண்டு ஆண்டை நிறுத்திவைத்தது.

இப்போது கொரோனா காலத்துக்கு வருவோம். இரண்டு பிரதமர்கள், இரண்டு பிறந்தநாள்கள். நார்வேயில் எர்னா சோல்பெர்க் தன் அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தார் 13 பேரைக் கூட்டினார். அவர் அரசின் விதிப்படி 10 பேருக்கு மேல் கூடக் கூடாது. 2021 ஏப்ரலில் காவல்துறை அவருக்கு 20,000 குரோனர் அபராதம் விதித்தது. மன்னிப்புக் கேட்டார், அபராதத்தை ஏற்றுக்கொண்டார். பிரிட்டனில் 2020 ஜூனில் போரிஸ் ஜான்சனின் பிறந்தநாள் கூட்டம் பிரதமர் அலுவலகத்திலேயே நடந்தது. சாகக் கிடந்தவர்களைக்கூடப் பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாமல் தவித்த காலம். அந்த அலுவலகத்தில் வழிகாட்டுதல் எல்லாம் பின்பற்றப்பட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார் ஜான்சன். 2022 ஏப்ரலில் அவருக்குக் கிடைத்த அபராதம் 50 பவுண்டு. அவர் அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் நாடாளுமன்றக் குழு அறிக்கை கொடுத்தது. அது வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே அவர் உறுப்பினர் பதவியை விட்டுப் போய்விட்டார்.

50 பவுண்டு! துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே தொகை, பிரதமருக்கும் அதே தொகை. சமத்துவம் என்று சிலர் சொல்லக்கூடும். பின்லாந்துக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. அங்கே 1921 முதல் பல குற்றங்களுக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்து ஏறுகிறது. 2023இல் ஒரு பெரும் தொழிலதிபர் 50 கிலோமீட்டர் வேக எல்லையில் 82இல் போய் மாட்டிக்கொண்டார். அபராதம் 1,21,000 யூரோ. வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்தப் பணம் மருத்துவச் சேவைக்குப் போகட்டும் என்றார் அவர். அன்றைக்கு அவர் கொடுத்ததை நான் விலை என்பேன். ஜான்சன் கட்டிய 50 பவுண்டை நுழைவுச் சீட்டு என்பேன்.

பணக்காரர்களைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. எல்லா முரண்பாடும் வேடம் ஆகிவிடாது. 2011இல் அமெரிக்கப் பெரும் பணக்காரர் வாரன் பஃபெட் பத்திரிகையில் எழுதினார்: நான் கட்டிய வரி, வரிக்குரிய என் வருமானத்தில் 17.4 சதவீதம், என் அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் இதைவிட அதிக விகிதத்தில் கட்டுகிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு வரியைக் கூட்டுங்கள். "அப்படியானால் நீங்களே கூடுதலாகக் கட்டலாமே" என்று சிலர் மடக்கினார்கள். எனக்கு அது குயுக்தியாகப் படுகிறது. அவர் தன்னையும் சேர்த்துத்தான் விதியை மாற்றச் சொன்னார். பிறரை மட்டும் கட்டச் சொல்லிவிட்டுத் தன் பணத்தைத் தீவு தீவாக ஒளித்துவைப்பவர் வேறு.

முரண்பாட்டைப் பிடித்துக் காட்டுவதோடு நின்றுவிட்டால் இன்னொரு வம்பும் உண்டு. "ஊருக்கு உபதேசம் செய்தாயே" என்று மட்டும் கேட்டால், கெட்டிக்காரர் உபதேசத்தை நிறுத்திவிடுவார்; செயலை நிறுத்த மாட்டார். "ஆமாம், செய்தேன், என்ன இப்போது?" என்று நெஞ்சை நிமிர்த்துபவரை வெளிப்படையானவர் என்று கைதட்டும் கூட்டமும் இருக்கிறது. இரட்டை வேடக்காரருக்காவது வெட்கம் என்ற ஒன்று எங்கேயோ மிச்சம் இருக்கிறது. எனவே என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி வேறு. நீ என்ன பேசினாய் என்பது கிடக்கட்டும், ரசீது எங்கே?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் தப்பித்துவிடவில்லை. மால்டா நாட்டில் டாஃப்னி கருவானா கலீசியா என்ற பத்திரிகையாளர், ஆட்சியில் இருந்தவர்கள் பனாமா நாட்டில் ரகசியமாக வைத்திருந்த நிறுவனங்களைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். 2017 அக்டோபர் 16 அன்று அவருடைய காரில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். நான் அப்படிப்பட்ட துணிச்சல்காரன் அல்லன். மேலதிகாரி "விட்டுவிடு" என்றதற்கே பேனாவை மூடியவன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, வேறொரு நிறுவனத்தில், வேறொரு இயக்குநரின் விருந்துச் செலவுக்கு ஆட்சேபணை எழுதினேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் இடத்தில் நானே இருந்தேன். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரே ஒரு சொல். மறுபடி எழுதினேன். தொகை திரும்பி வந்தது, நான் ஓய்வு பெற்று மூன்று வாரம் கழித்து. தகவல் சொல்லத் தொலைபேசியில் அழைத்த பையன் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தான். நான் அவனிடம் அந்த வாடகை வண்டிக் கதையைச் சொல்லவில்லை. அந்தக் கடைநிலை ஊழியரின் சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று முப்பத்தோரு ஆண்டில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

வணக்கம்.